கடலோர வீட்டுக்கு நெட்டிப் பூ

தஞ்சாவூருக்குப் போயிருக்க வேண்டியது நான் இல்லை, அமுதா.

அமுதா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர்க்காரி. சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு முதலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டாள். தை மாதம் ஊரில் அவளுடைய அக்கா கலா கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்று விடுப்பு கேட்டாள், கொடுத்தேன். பெட்டியும் கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்து வந்தவர், அமுதாவைத் தவிர வேறு யாரும் தன்னைப் புரட்டிப் படுக்க வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் தொட்டால் அலறுவார். அவள் தொட்டால் திட்டுவதோடு சரி.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் போனா ஐயா சாப்பிட மாட்டாரு" என்றாள் அமுதா. உபசாரமாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் அவள் தன் பெட்டியைப் பிரித்து, அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த சாமான்களை என் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வேலையும் கொடுத்தாள். கலாவுக்குப் புது வீடு முழுக்கப் பூ வைக்க வேண்டும் என்று ஆசை. கடல் காற்றில் நிஜப் பூ மத்தியானத்துக்குள் கருகிவிடும். பிளாஸ்டிக் பூவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அமுதா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளை ரோஜா, வெள்ளைத் தாமரை. மரத்தில் கையால் செய்த பூ, பல வருடம் கெடாது என்று போட்டிருந்தது. "நம்ம தஞ்சாவூர்லயே பண்றாங்களாம்க்கா. நீங்களே பாத்து வாங்கிக் குடுத்துருங்க."

"உங்க அத்தானுக்கு ஏதாவது வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அத்தான் கடல்ல இருக்காருக்கா. ஒண்ணும் வேணாம்."

மீன் பிடிக்கிறவர் கடலில்தானே இருப்பார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தப் பயணத்தில் நான் பட்ட பாடு புரியாது. சிங்கப்பூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் என் வலது கால் அந்தப் பிரேக்கைத் தேடும். தஞ்சாவூர் ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குப் போவதற்குள், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலி கண்டுவிட்டது. ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கால்ல அடிபட்டுருக்காங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

முதல் நாள் காலை இட்லிக்குக் கடப்பா கொடுத்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. சிங்கப்பூரில் இட்லியோடு மீன் குழம்பு சாப்பிட்டுப் பழகியவளுக்கு அது நோயாளிச் சாப்பாடு போலத் தெரிந்தது. இரண்டாம் முறை வாங்கியபோது அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். பெரிய கோயிலை ஆட்டோவில் கடந்தபடியே பார்த்தேன். அதற்குள் போனால் பூ வேலை நடக்காது என்று எனக்கே தெரியும்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் ஒரு மாடி வீடு. கீழே ஸ்கூட்டர், மேலே நீளமான ஒரு கூடம். நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் யாரோ யாரையோ அறைந்தார்கள். நடத்துகிறவள் பெயர் கோமதி. முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைப்பேசிகளில் மாறி மாறிப் பேசிக்கொண்டே எனக்கு நாற்காலி காட்டினாள். ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேடை முழுக்கப் பூ கேட்டிருந்தார்களாம். மண்டபக்காரரைத் திட்டி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"மரப்பூ வேணும்" என்றேன்.

கோமதி சிரித்தாள். "மரம் எங்கங்க இருக்கு? இது நெட்டி. குளத்துல, ஏரியில முளைக்கிற செடியோட தண்டு. இந்தாங்க, புடிங்க."

முழ நீளக் கட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். கனமாக இருக்கும் என்று தயாரான கை சட்டென்று மேலே போய்விட்டது. ஒன்றுமே இல்லாததைத் தூக்கியது போல இருந்தது. வெளித்தோல் பழுப்பு. சீவிய இடத்தில் வெள்ளை வெளேர் என்று, விரலை அழுத்தினால் மெத்தென்று உள்ளே போயிற்று.

"அப்புறம் ஏன் மரப்பூன்னு போடறீங்க?"

"அப்படிப் போட்டாத்தாங்க வெளிநாட்டுக்காரங்க வாங்குறாங்க. குளத்துச் செடின்னு போட்டா யாரு வாங்குவா? நான் எதுக்கு இல்லைன்னு சொல்லணும்?"

பக்கத்தில் ஒரு பெண் நெட்டித் தண்டை உருட்டிக்கொண்டே கத்தியால் சீவினாள். காகிதச் சுருள் போல ஒரே நாடாவாகக் கழன்று வந்தது. இன்னொருத்தி அதை வெட்டி, சுருட்டி, இதழுக்கு மேல் இதழாக வைத்து நூலால் கட்டினாள். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு ரோஜா ஆகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். காகிதக் கட்டைப் பிரித்தால் வரும் வாசனைகூட இல்லை.

அமுதாவைக் கைப்பேசியில் அழைத்து, கலா அனுப்பியிருந்த வீட்டு வீடியோவைக் கோமதிக்குக் காட்டினோம். கூடம், சமையலறை, உள்ளறை, பின்பக்கம் கடல். கடலைப் பார்த்ததும் கோமதி சாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உப்புக் காற்றுக்குச் சாயம் திட்டுத்திட்டாகிவிடும், வெள்ளையே இருக்கட்டும். காம்புக்கு இரும்புக் கம்பி கூடாது, மூங்கில் குச்சி வைக்கலாம். தண்ணீர் மட்டும் படக் கூடாது. தூசு படிந்தால் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தாமரையும் ரோஜாவும் மல்லிகை மொட்டுச் சரமுமாக முடிவாயிற்று. வாசல் நிலைக்கு மேலே தொங்கவிட, நிலையின் அகலத்துக்கு ஒரு நீள மாலையும் சொன்னேன்.

"நாளை சாயங்காலம் வாங்க" என்றாள் கோமதி. சிங்கப்பூரில் சாயங்காலம் என்றாலும் இத்தனை மணி என்று ஒன்று உண்டு. இங்கே அது எந்த மணி என்று கேட்டேன். "சாயங்காலம்னா சாயங்காலம்தாங்க" என்றாள்.

இரண்டாம் நாள் முழுக்க எனக்கு வேலையில்லை. ஒரு ஆட்டோ பிடித்துத் திருவையாற்றுக்குப் போய் அசோகா அல்வா தின்றேன். பாசிப்பருப்பில் செய்த அல்வா, வாழையிலைத் துண்டில் நெய் ஓடியது. போகிற வழியெல்லாம் சம்பா அறுவடை. தார்ச்சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெல்லைச் சுற்றிக் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். வண்டிகள் எல்லாம் மீதிப் பாதியில் எதிரும் புதிருமாகப் போயின. என் மாணவர்களில் யாராவது இப்படி ஓட்டினால் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இங்கே ஒருவரை ஒருவர் திட்டக்கூட இல்லை. ஒரு கன்றுக்குட்டி கழுத்தில் மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிய நெட்டி மாலை அழுக்கேறித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கடல் கடந்து வந்து வாங்கும் பொருளை அது பாதி மென்றுவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு பஸ் ஏறினேன். இவ்வளவு பெரிய பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கியதைப் பார்த்து நடத்துநர், "காலிப் பெட்டியா?" என்றார். பூ என்றேன். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வமில்லை. எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

திருவாரூர் தாண்டி, அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. எங்கள் ஓட்டுநர் கொஞ்ச தூரம் பொறுத்தார். பிறகு ஒரு வளைவில் வலது பக்கம் ஏறினார். எதிரே டிராக்டர். நான் என் பிரேக்கை மிதித்தேன், அவர் தன்னுடையதை மிதித்தார். மேலே தட்டில் யாரோ வைத்திருந்த வாழைத்தார் பறந்து வந்து என் பெட்டியில் விழுந்தது.

வாழைத்தாருக்குச் சொந்தக்கார அம்மா பதறி எழுந்து வந்தார். "ஐயையோ, உள்ள என்னம்மா இருக்கு?" பிரித்துப் பார்த்தோம். ரோஜாக்கள் சில நசுங்கியிருந்தன. நிலைமாலை நடுவில் அறுந்து இரண்டாகக் கிடந்தது. அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, உடையற சாமான் இல்ல" என்று நிம்மதி அடைந்தார். நஷ்ட ஈடாக ஒரு சீப்பு வாழைப்பழம் வெட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பழத்தைத் தின்றார்கள், நானும் தின்றேன்.

கலாவின் ஊர் தெற்கே இருந்தும் நாகூர் வரை போய் இறங்கியது அப்பாவுக்காக. அவர் பெயரைச் சொல்லித் தர்காவில் வேண்டிக்கொண்டு வரும்படி அமுதா சொல்லியிருந்தாள். செருப்பு விடும் இடத்தில் ஒரு வயதான தம்பதி மலாய் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஊர்ப் புறாக்கள் நம்முடையதைவிடக் குண்டாக இருக்கின்றன" என்றார் மனைவி. "இங்கே இவற்றுக்குத் தீனி போடுகிறவர்களுக்கு அபராதம் இல்லை" என்றார் கணவர். நான் மலாயில் சிரித்துவைத்தேன். பினாங்கிலிருந்து வந்தவர்களாம். எனக்கு இறால் வாடை வாங்கிக் கொடுத்தார்கள். அரிசி மாவு வடைக்கு நடுவில் முழு இறால். சூடு நாக்கைப் பொசுக்கியது.

தர்காவுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் அறுந்த மாலையைக் காட்டினேன். அவர் நெட்டிப் பூவை விரலால் தட்டிப் பார்த்தார். "இத நான் பாத்துக்கறேம்மா, நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க" என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு துண்டையும் சேர்த்து, முனைகளை இணைத்து, கீழே ஜரிகைக் குஞ்சம் ஒன்று வைத்து வட்டமாகக் கட்டியிருந்தார். நசுங்கிய ரோஜாக்களைக்கூட விடவில்லை. பக்கவாட்டில் செருகிவிட்டிருந்தார்.

"மாலைன்னா ரெண்டு முனையும் சேரணும்மா. இப்பத்தான் மாலை" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. எங்கே மாட்டினாலும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியில் வைத்தேன்.

கலாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று அறை, நீலச் சுவர், இன்னும் ஈரம் காயாத சிமென்ட். பின்வாசலைத் திறந்தால் மணல், அதற்கப்பால் கடல். கலா உயரமானவள். நெற்றியில் பெரிய குங்குமம். அமுதாவின் குரல் அப்படியே இவளுக்கும் இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக. "வாங்கக்கா, வாங்க. ஐயா எழுந்து உக்காந்தாரா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

கூடத்தில் அவளுடைய கணவரின் அண்ணன் வேலாயுதமும் அவர் மனைவியும் இருந்தார்கள். மறுநாள் விசேஷத்துக்கு ஒத்தாசையாக வந்திருந்தார்கள். வேலாயுதம் ஆறடி உயரம், கைகள் இரண்டும் வடக்கயிறு போல. எனக்கு மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். திருக்கைப் புட்டும் சோறும் மாங்காய் போட்ட மத்திக் குழம்பும் பரிமாறினார்கள். சாப்பிட்டபடியே சுற்றிலும் பார்த்தேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு புகைப்படம். நீலச் சட்டை போட்ட ஆள், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். கலாவின் கணவர் சேகர் அவர்தான் என்று அமுதா காட்டிய படங்களிலிருந்து எனக்குத் தெரியும்.

"சேகர் எப்ப வர்றாரு?" என்று கேட்டேன். கலா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்துப் பெட்டிகளைப் பிரித்தோம். தாமரைகளைக் கலா ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேலாயுதத்தின் மனைவிகூட ஒன்றை எடுத்துத் தன் கொண்டையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கடைசியாக நான் மாலையை எடுத்து விரித்தேன்.

சிரிப்பு நின்றது.

வேலாயுதத்தின் மனைவி மெதுவாக, "அப்பாடி, வெளியாளாவது கொண்டாந்தாங்களே" என்றாள்.

வேலாயுதம் எழுந்து வந்து என் கையிலிருந்து மாலையை வாங்கினார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அலமாரியை நோக்கி நடந்தார். அவர் எங்கே போகிறார் என்பது, புகைப்படத்துக்கு முன்னால் அவர் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"மாமா, அத கீழ வைங்க" என்றாள் கலா.

"ரெண்டு வருசம் ஆச்சு கலா."

"கீழ வைங்க மாமா."

"படகு வந்துச்சு. கூடப் போன ரெண்டு பேரு வந்தானுங்க. இவன் வரல. நான் தேடாத எடம் உண்டா? கோடியக்கரையிலேருந்து காரைக்கால் வரைக்கும் கடலச் சல்லடையா சலிச்சேன். எனக்கு அவன் தம்பி இல்லையா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "காரியம் பண்ணாம வச்சிருக்கோம். வீட்ல சாவு இருக்கா இல்லையான்னே தெரியல. என் பொண்ணுக்கு வரன் வந்து நிக்குது. நான் எப்படி நல்ல காரியம் பண்ணுவேன்?"

"உங்க பொண்ணு கல்யாணத்த நான் எப்ப வேணாம்னேன்?"

"இதுக்கு ஒரு மாலையப் போட்டாத்தான் அது நடக்கும்னு ஊரே சொல்லுது."

கலா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. இத எதுக்குன்னு வாங்குனீங்க?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் விவகாரத்தில் விருந்தாளியின் வார்த்தைக்கு இவ்வளவு எடை இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். நிலைக்கு மேலே தொங்கவிட நீள மாலையாகத்தான் வாங்கினேன். பஸ்ஸில் வாழைத்தார் விழுந்து அறுந்தது. நாகூரில் ஒரு பூக்கடைக்காரர் சேர்த்துக் கட்டினார். அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"வாழத்தாரா?" என்றாள் வேலாயுதத்தின் மனைவி.

"ஆமாங்க."

வேலாயுதம் மாலையைக் குனிந்து பார்த்தார். "தெரியாமக் கட்டுனதுதான் சரியா வந்துருக்கு" என்றார்.

கலா சமையலறைக்குள் போனாள். மீன் நறுக்கும் கத்தியோடு வந்தாள். வேலாயுதத்தின் கையில் இருந்தபடியே மாலையின் நூலை ஒரு வெட்டு வெட்டினாள். குஞ்சம் கீழே விழுந்தது. பூக்கள் உதிர்ந்து புதுத் தரை முழுக்க ஓடின. அவ்வளவு லேசான பூ, விழுந்த சத்தமே கேட்கவில்லை. வேலாயுதம் கையில் தொங்கிய வெறும் நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் மனைவி பின்னாலேயே போனாள். போகும்போது கொண்டையிலிருந்த தாமரையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பின்வாசலுக்குப் போய் அமுதாவை அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா பின்னால் யாரையோ திட்டுவது கேட்டது.

"ஏன் அமுதா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேக்கா. கடல்ல இருக்காருன்னு."

அவள் என்னைக் கேலி செய்யவில்லை. ஏமாற்றவும் இல்லை. அந்த வீட்டில் அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

திரும்பி உள்ளே போனபோது கலா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பூக்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பிறகு அவள் வலை பின்னும் ஊசியையும் நைலான் நரம்பையும் எடுத்து வந்தாள். ஒரு பூ, ஒரு முடிச்சு, கொஞ்சம் இடைவெளி, அடுத்த பூ. வலைக்குப் போடும் அதே முடிச்சு.

"அவங்க இருக்கறப்ப வலை பூரா நான்தான் பாப்பேன்" என்றாள். "செத்துட்டாங்கன்னு எனக்கு யாராவது காட்டுனா நான் அழுவேன்க்கா. காட்டாம எப்படி அழறது?"

அடுத்த பூவைக் கேட்டாள், கொடுத்தேன்.

அன்று இரவு வரை வீட்டுக்குப் பூ வைத்தோம். நான் நினைத்ததைவிடக் கஷ்டமான வேலை அது. சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டால் வைத்தது வைத்தபடி இருக்கும். இங்கே பின்வாசலைத் திறந்ததும் தாமரைகள் அலமாரியிலிருந்து கிளம்பி உள்ளறைக்குப் போயின. இரண்டு முறை துரத்திப் பிடித்தோம். பிறகு எல்லாவற்றையும் நரம்பால் கட்டினோம். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி மல்லிகை மொட்டுச் சரம். கடலைப் பார்த்த ஜன்னல் கம்பிகளில் ரோஜா. சமையலறையில் வேண்டாம், ஆவி படும் என்றேன். அவள் கேட்கவில்லை, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மூன்று வைத்தாள். நாளெல்லாம் நிற்கிற இடத்தில் கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டாள். நான் ஒரு பூவைத் தலைகீழாக மாட்டிவிட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புகைப்படம் இருந்த தட்டில் மட்டும் எதுவும் வைக்கவில்லை. தூசு துடைத்து, முன்பு இருந்த இடத்திலேயே பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தாள்.

கடைசியாக வாசல் நிலை. அவள் ஸ்டூலில் ஏறி, உதிர்ந்த பூக்களை நரம்பில் கோத்த தோரணத்தைக் கட்டினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் விடியலில் உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி, "நெசப் பூவா?" என்று தொட்டுப் பார்த்தாள். வேலாயுதத்தின் மனைவி வந்தாள். முந்தின நாள் ஒன்றும் நடக்காதது போல நேரே அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டினாள். வேலாயுதத்தைக் காணவில்லை. அடுப்பை யார் பற்றவைப்பது என்று ஒரு கிழவர் கேட்டார். தம்பதியாகத்தான் செய்வது வழக்கம் என்று இழுத்தார். "நான் கட்டுன வீடு, நான் பத்தவைக்கிறேன்" என்று கலா தீக்குச்சியை உரசிவிட்டாள்.

பால் பொங்கிய நேரம் வேலாயுதம் வந்தார். கடலிலிருந்து நேரே வந்திருந்தார், வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. நல்ல உயரமல்லவா, நிலையைத் தாண்டும்போது தோரணத்தின் ஒரு பக்கம் தலையில் இடித்து அவிழ்ந்து தோளில் விழுந்தது. கலா பால் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்றாள்.

அவர் தோளில் கிடந்த பூச்சரத்தை எடுத்துப் பார்த்தார். முனையிலிருந்த முடிச்சைத் தடவினார்.

"இந்த முடிச்சு காத்துக்கு நிக்காது கலா" என்றார். ஸ்டூல் எதுவும் கேட்காமல் கையைத் தூக்கி ஆணியில் நரம்பை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். மறுபக்க முடிச்சையும் அவிழ்த்து அதே மாதிரி போட்டார். பிறகு குனிந்து உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அலமாரிப் பக்கம் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார்.

கலா அவருக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தாள். அவர் ஊதிக் குடித்தார்.

"வைகாசியில தேதி பாக்கச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "மாப்பிள வீட்ல பேசிக்கறேன். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"பாருங்க மாமா" என்றாள் கலா. அவள் நகரவில்லை. "பத்திரிகையில அவங்க பேரையும் போடுவீங்கல்ல? சித்தப்பான்னு?"

"போடாம?"

"முன்னால அமரர்னு எதுவும் போட வேணாம்."

வேலாயுதம் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நினைக்கும்படி துடைத்தார்.

"பேர மட்டும் போடறேன்" என்றார்.

அன்று மத்தியானமே நான் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. என் கால் பழையபடி பிரேக்கைத் தேடியது.

சித்திரை முடியும்போது பத்திரிகை அமுதாவின் கைப்பேசிக்கு வந்தது. அப்பா அதற்குள் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். கல்யாணத்துக்கு இந்த முறை அமுதாவே போகிறாள், பெட்டி கட்டியாகிவிட்டது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி எங்களுக்குக் காட்டினாள். வேலாயுதத்தின் பெயருக்கு அடுத்த வரியில் கலாவின் முழுப் பெயரோடு சேகர் - கலையரசி என்று இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை.